கஜா திறந்துவிட்ட தோப்பில் காய்கறி: நிழலைக் குழிக்கணக்கில் அளந்த அனுபவம்

சேனைக்கிழங்கைத் தோண்டி எடைபோட்டு முடித்த அன்று ராத்திரி கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தென்னைக்கு நடுவில் காய்கறி போட ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. முதல் வருடம் சுத்த நஷ்டம். இரண்டாவது வருடம் பாதி நன்றாக வந்தது, பாதி ஏன் வரவில்லை என்றே புரியவில்லை. கடைசி இரண்டு வருடம்தான் போட்டது போட்டபடி வந்திருக்கிறது. எங்கே தப்பு செய்தேன், எதை மாற்றினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்கள் தோப்பு பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. இரண்டு மா நிலம், அதாவது 66 சென்ட். செம்மண் கலந்த மணல். 25 அடிக்கு ஒன்றாக 46 தென்னை நின்றது. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரையேறியபோது 19 மரம் போய்விட்டது. எங்களுக்குக் கொஞ்சம்தான் போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு முழுக்கத் தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். விழுந்ததில் 8 மரம் மேற்கு வரப்போரம் நின்றவை. அங்கே மறு வருடமே கன்று வைத்துவிட்டோம். நடுவில் விழுந்த 11 மரத்தின் இடத்தில் கன்று வைக்க அப்போது கையில் காசு இல்லை. அந்த இடம் வெட்டவெளியாகவே கிடந்தது. மண்டிய கோரையை வெட்டி வெட்டி அலுத்துப்போய்த்தான் காய்கறி யோசனையே வந்தது.

2021 ஆடியில் முதல் முயற்சி. வெட்டவெளியில் மட்டும் போட்டிருந்தால் தேவலை. நான் நிற்கிற மரங்களுக்கு நடுவிலும் சேர்த்துக் கத்தரியும் மிளகாயும் நட்டேன். தப்புகள் அங்கேயே வரிசையாக ஆரம்பித்தன.

முதல் தப்பு வேரில். பாத்தியை மரத்தடியிலிருந்து நான்கு அடி தள்ளி வெட்ட ஆரம்பித்தேன். மண்வெட்டி ஓர் அடி இறங்கியதும் கயிற்றுக் கத்தையை வெட்டுகிற மாதிரி எதிர்த்தது. மண்ணை விலக்கினால் பென்சில் பருமனில் செந்நிற வேர்கள், நுனி மட்டும் வெள்ளையாக, நெருக்கமாகப் பின்னிக் கிடந்தன. அடுத்த தோப்பிலிருந்து வந்த பெரியப்பா பாத்தியை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, மரத்துக்கு வாயே அதுதான். வாயை வெட்டிட்டு எருவை எங்க போடுவ?" என்றார். தென்னையின் தீனி எடுக்கும் வேரில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறடிக்குள்தான் இருக்கிறது. அதைப் படித்தும் இருந்தேன். ஆனாலும் இடத்தை வீணாக்கக் கூடாது என்ற ஆசை. வெட்டிய மூன்று மரத்திலும் அடுத்த சில மாதங்களில் குரும்பை (பிஞ்சுத் தேங்காய்) அதிகம் கொட்டியது. அப்புறம் ஆறடி வட்டத்துக்குள் நான் மண்வெட்டி வைப்பதில்லை. 25 அடி இடைவெளியில் இரண்டு பக்கமும் ஆறாறு அடி விட்டால் மிச்சம் 13 அடி. மூன்றடிப் பாத்தி மூன்று, நடுவே இரண்டடி நடைபாதை இரண்டு. கணக்கு கச்சிதமாக அமைகிறது.

இரண்டாவது தப்பு தேங்காய் நார்க்கழிவு. மலிவாகக் கிடைத்ததென்று 40 மூட்டை பச்சை நார்க்கழிவை மக்க வைக்காமல் அப்படியே பாத்தியில் கலந்தேன். இருபது நாளில் நாற்றெல்லாம் வெளிறிப்போனது. மக்காத நார்க்கழிவு மக்குவதற்காக மண்ணில் இருக்கிற தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிருக்கு மிஞ்சாது. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து வாரம் ஒரு தடவை ஊற்றித்தான் ஓரளவு பச்சை திரும்பியது. இப்போது நார்க்கழிவை ஒரு வருடம் குவித்து, சாணியும் யூரியாவும் போட்டு நனைத்து, கறுத்து மண்வாசனை வந்த பிறகுதான் பாத்திக்குக் கொண்டுபோகிறேன். தேங்காய் மட்டையை மட்டும் வாய்க்கால் மாதிரி வெட்டிய குழியில் குழிவான பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண்ணை மூடிவிடுகிறேன். மணல்பாங்கான மண்ணில் அது தண்ணீரைப் பிடித்து வைக்கிறது.

மூன்றாவது, தேங்காய் வெட்டு. 45 நாளுக்கு ஒரு தடவை வெட்டு வரும். கொத்து கொத்தாகக் காய் மேலிருந்து விழுந்தால் கீழே மிளகாய்ச் செடி என்ன ஆகும்? ஒரே வெட்டில் ஒரு பாத்தி சப்பையாகிவிட்டது. இதில் வெட்டுகிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாத்தியை அங்கே வைத்தது நான். ஓலை மட்டையும் சும்மா இருக்காது. ஒரு தென்னை சராசரியாக மாதம் ஒரு மட்டை தள்ளும். 27 மரத்துக்கு மாதம் 27 மட்டை. பாகலுக்குப் போட்ட பந்தல் இரண்டு தடவை ஒடிந்தது. கிரீடத்துக்கு (மட்டை விரிந்த உச்சிக்கு) நேர் கீழே பந்தல் என்பதையே விட்டுவிட்டேன்.

இத்தனையும் தாண்டிச் செடிகள் நின்றன. ஆனால் நின்ற மரங்களுக்கு நடுவே இருந்தவை வெளிச்சம் தேடி இடுப்பு உயரத்துக்கு மேல் ஒல்லியாக நீண்டன. பூ வரும், உதிரும். வெட்டவெளியில் இருந்தவை மட்டும் காய்த்தன. அந்த வருடச் செலவு 9,200 ரூபாய், வரவு 3,650.

அப்போதுதான் நிழலை அளக்கலாம் என்று தோன்றியது. இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதைத்தான்.

எங்கள் பக்கம் நிலத்தை மாவிலும் குழியிலும்தான் பேசுவார்கள். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா. வெட்டவெளியைக் கயிறு பிடித்துக் குழி குழியாகப் பிரித்தேன். தெற்கே நிற்கும் கடைசி வரிசை மரத்துக்கும் வடக்கே நிற்கும் முதல் வரிசை மரத்துக்கும் நடுவே 100 அடி. இரண்டு பக்கமும் 14 அடி விட்டதும் 72 அடி, அதாவது ஆறு வரிசை. கிழக்கு மேற்காக எட்டுப் பத்தி. ஆக 48 குழி. மூலைக்கு மூலை மூங்கில் குச்சி அடித்து, தெற்கிலிருந்து வரிசைக்கு எண் கொடுத்தேன். காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணி வரை மணிக்கு ஒரு தடவை சுற்றி வந்து, எந்தக் குழியில் பாதிக்கு மேல் வெயில் இருக்கிறதோ அதற்கு நோட்டில் ஒரு கோடு. சாயந்தரம் கோடுகளைக் கூட்டினால் அந்தக் குழிக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று வந்துவிடும். செலவு: குச்சி சொந்தம், கயிறு 60 ரூபாய், ஒரு முழு நாள் உழைப்பு. அம்மா மதியத்துக்கு மேல் இரண்டு சுற்று எனக்காகப் பார்த்துக் கோடு போட்டார்.

2022 சித்திரையில் இதைச் செய்தேன். 48 குழியில் 40 குழிக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில். ஆடியில் வெண்டையும் கொத்தவரையும் போட்டேன், அருமையாக வந்தன. வெண்டை விதைத்த 46ஆம் நாள் முதல் பறிப்பு. அந்த நோட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டு 2023 தைப்பட்டத்தில் கத்தரி போட்டேன். தெற்கில் 6 குழி, வடக்கில் 6 குழி. ஒரே நாற்று, ஒரே எரு, ஒரே தண்ணீர். வடக்குப் பாதி 148 கிலோ கொடுத்தது, தெற்குப் பாதி 41 கிலோ.

தெற்கில் மண்தான் சரியில்லை என்று முதலில் நினைத்தேன். இரண்டு தடவை கூடுதலாகத் தொழுஉரம் போட்டேன், ஒன்றும் மாறவில்லை. அப்புறம் வேரில் முடிச்சு விழவைக்கும் நூற்புழு என்று யாரோ சொல்ல, நாலு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன். முடிச்சு ஒன்றுமில்லை. பங்குனி பாதிக்கு மேல் அதே தெற்குச் செடிகள் புதுத் துளிர் விட்டுப் பூத்தபோதுதான் சந்தேகம் வந்தது. மண் அதே மண், செடி அதே செடி. மாறியது வெயில் ஒன்றுதான்.

சித்திரையில் உச்சிப்பொழுதில் நம் நிழல் காலடியிலேயே கிடக்கும். எங்கள் ஊருக்குச் சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. அதன்பின் வடக்கே போய், ஆவணி பத்து வாக்கில் மறுபடி தலைக்கு மேல் வந்து, தெற்கே இறங்கிவிடுகிறது. நான் நிழலை அளந்தது அது மரத்தடியிலேயே சுருண்டு கிடக்கும் காலத்தில். பயிர் வைத்ததோ அது வடக்கே நீண்டு கிடக்கும் காலத்தில்.

2023 மார்கழியில் மறுபடி அளந்தேன். இந்தத் தடவை ஐந்தடிக் குச்சி ஒன்றை வெட்டவெளியில் நேராக நட்டேன். செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு. பகல் 12 மணி 10 நிமிடம் வாக்கில் நிழல் மிகக் குறுகும். அப்போது குச்சியின் நிழல் நுனியில் சாம்பல் வைத்து டேப் பிடித்தால் 3 அடி 4 அங்குலம். எங்கள் மரங்கள் ஏறக்குறைய 50 அடி. அப்படியென்றால் மரத்தின் உச்சி நிழல் 33 அடி வடக்கே விழ வேண்டும். போய்ப் பார்த்தேன். தெற்கு வரிசை மரத்தின் கிரீட நிழல் முழுக்க என் கத்தரிப் பாத்தி நின்ற இடத்தின் மேல்தான் பரவிக் கிடந்தது. மரத்தடி பளிச்சென்று காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ஒரு பட்டம் முழுக்க மண்ணைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சித்திரை நோட்டில் ஆறு மணி நேரம் இருந்த முதல் வரிசைக்கு மார்கழியில் இரண்டு மணி நேரம்தான். இரண்டாம் வரிசைக்கும் அவ்வளவே. மூன்றாவது பாதி நிழல். நான்கு முதல் ஆறு வரை நல்ல வெயில். வடக்கு மரங்களின் நிழல் இன்னும் வடக்கே போய்விடுவதால், நான் ஒதுக்கி விட்டிருந்த 14 அடியிலும் வெயில் அடித்தது. மரத்துக்கு ஆறடி விட்டு மிச்சம் எட்டடியை ஏழாவது வரிசையாக எடுத்துக்கொண்டேன். இழந்த இடத்தில் கொஞ்சம் அங்கே திரும்பக் கிடைத்தது.

அதன்பின் மாதப் பிறப்பன்று குச்சி நிழலைக் குறித்து வருகிறேன். தை 1 அன்று 3 அடி 1 அங்குலம், மாசி 1 அன்று 2 அடி 2 அங்குலம், பங்குனி 1 அன்று 1 அடி 2 அங்குலம். மறுபாதியில் ஐப்பசி 1 அன்று 1 அடி 10 அங்குலம், கார்த்திகை 1 அன்று 2 அடி 9 அங்குலம். மரம் குச்சியைப் போல எத்தனை மடங்கு உயரமோ அத்தனை மடங்கு நிழல். எங்கள் மரத்துக்குப் பத்து மடங்கு, கணக்கு சுலபம். ஆனி, ஆடியில் நிழல் தெற்கே திரும்பி விழும், ஆனால் குச்சிக்கு ஓர் அடி சொச்சம்தான். அதனால் ஆடிப்பட்டத்துக்கு வெட்டவெளி ஏறக்குறைய முழுசும் கிடைக்கிறது, வடக்குக் கடைசி வரிசையில்தான் கொஞ்சம் அடிபடும். ஆடியில் நடும் கத்தரி ஐப்பசிக்கு மேல் தெற்கில் ஏன் ஓய்ந்துபோகிறது என்பதும் இதில் விளங்கிவிட்டது. மழைதான் காரணம் என்று இருந்தேன். மழையோடு நிழலும் சேர்ந்துகொள்கிறது. ஆடிக்குத் தெற்கில் இப்போது வெண்டையும் கொத்தவரையும் மட்டும். புரட்டாசி முடிவதற்குள் அவை முக்கால்வாசி காய்த்து முடித்துவிடும்.

2024 தைப்பட்டம் புதுக் கணக்கில் போட்டது. நான்கு முதல் ஏழு வரையிலான வரிசைகளில் வெண்டை 10 குழி, கத்தரி 12 குழி, மிளகாய் 4, கொத்தவரை 4. மூன்றாவது வரிசையில் அரைக்கீரையும் தண்டுக்கீரையும் வீட்டுக்கு. வெண்டை 152 கிலோ, சராசரி விலை 22 ரூபாய். கத்தரி 291 கிலோ, 20 ரூபாய். பச்சை மிளகாய் 46 கிலோ, 35 ரூபாய். கொத்தவரை 38 கிலோ, 25 ரூபாய். மொத்தம் 11,724 ரூபாய். செலவு: விதையும் நாற்றும் 1,150, தொழுஉரம் 1,200, வேப்பெண்ணெய் முதலியவை 480, களைக்கும் பறிப்புக்கும் ஒன்பது ஆள் கூலி 3,600. கையில் நின்றது 5,294. எங்கள் வீட்டு உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. பெரிய தொகை இல்லைதான். ஆனால் காய் வெட்டுக்கு வெட்டு மட்டும் காசு பார்த்த தோப்பில் ஒருநாள் விட்டு ஒருநாள் பையில் காசு வந்தது. வீட்டில் காய்கறி வாங்குவதே நின்றுபோனது.

அந்தத் தையில்தான் வெள்ளை ஈ வந்தது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது எல்லாத் தோப்பிலும் இருக்கிறது. மரத்தில் அது இருப்பது எனக்குத் தெரியும், கீழே இருக்கிற கத்தரியையும் அது கெடுக்கும் என்பதுதான் தெரியவில்லை. ஒரு காலையில் ஓரத்துக் கத்தரி இலைகள் கரி பூசிய மாதிரி இருந்தன. கட்டைவிரலால் துடைத்தால் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது, அடியில் இலை பச்சையாகவே இருந்தது. விரல் பிசுபிசுத்தது. மேலே மட்டையின் அடிப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஈ கழிக்கும் இனிப்பு நீர் கீழே சொட்டி, அதில் கரும்பூசணம் வளர்கிறது. அது இலையைத் தின்பதில்லை, வெயிலை மறைக்கிறது. ஏற்கெனவே வெயிலுக்குப் பஞ்சமான இடத்தில் அது போதும் கெடுக்க.

மருந்துக்கடையில் ஒரு பூச்சிமருந்தை எடுத்துக் கொடுத்தார்கள். நான் அடிக்கவில்லை. இந்த ஈயைக் கட்டுப்படுத்துவதே என்கார்சியா என்ற சின்ன ஒட்டுண்ணிக் குளவிதான். மருந்து அடித்தால் அதுதான் முதலில் சாகும். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துக் காய்ச்சி ஆறவைத்து, வடிகட்டி, கத்தரி இலைமேல் தெளித்தேன். வடிகட்டாமல் விட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும், முதல் தடவை எனக்கு அடைத்தது. நல்ல வெயிலில் மைதாப் படலம் காய்ந்து, மூன்றாம் நாள் கரியோடு சேர்ந்து செதில் செதிலாக உரிந்து விழுந்தது. அடிமரத்தில் ஆறடி உயரத்தில் மஞ்சள் பாலித்தீன் தாளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினேன், வாரம் ஒரு தடவை துடைத்துத் தடவ வேண்டும். ஈ ஒழிந்துவிடவில்லை. கத்தரி தப்பித்தது.

தண்ணீருக்கு 16 மி.மீ. சொட்டுக்குழாய் 300 மீட்டர், மீட்டர் 12 ரூபாய் வீதம் 3,600 கொடுத்துக் கைக்காசில் வாங்கினேன். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு அரசு 100 சதவீத மானியம் கொடுக்கிறது. அவசரப்படாமல் அதற்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். இன்னொன்று, தென்னை வட்டத்துக்கும் காய்கறிப் பாத்திக்கும் தனித்தனி வால்வு அவசியம். ஒரே வால்வில் விட்டபோது ஒன்று முங்கியது, இன்னொன்று காய்ந்தது.

நிழல் கட்டிய முதல் வரிசையை என்ன செய்வது என்பதற்குச் சேனைதான் விடை. 2024 சித்திரையில் 8 குழியில் மூன்றடிக்கு ஒன்றாக 104 குழி போட்டேன் (இது தோண்டுகிற குழி). இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம். கஜேந்திரா ரகக் கிழங்கை முளைக்கண் ஒன்று இருக்கும்படி அரைக்கிலோத் துண்டுகளாக நறுக்கி, சாணிக்கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி வைத்தேன். விதைக்கிழங்கு 52 கிலோ, கிலோ 40 ரூபாய், ஆக 2,080. மேலே தென்னை ஓலை மூடாக்கு. ஏழு குழியில் தண்ணீர் தேங்கி அழுகிவிட்டது, மீதி 97 நின்றன. தையில் தோண்ட ஆரம்பித்து மாசி முதல் வாரம் முடித்தோம். மொத்தம் 262 கிலோ, ஒரு செடிக்கு 2.7 கிலோ. முழு வெயிலில் இதைவிடக் கூடவே வந்திருக்கும். ஆனால் கத்தரி ஒரு நிலக்குழிக்கு ஏழு கிலோ கொடுத்த இடத்தில் சேனை 33 கிலோ கொடுத்தது. 50 கிலோவை விதைக்கு எடுத்து வைத்துவிட்டு 212 கிலோவைக் கிலோ 30 வீதம் விற்றேன், 6,360 ரூபாய்.

சேனையால் ஒரு சங்கடமும் உண்டு. சித்திரையில் நட்டால் தை வரை இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆடியில் நல்ல வெயில் அடிக்கும்போது அந்த இடம் காய்கறிக்குக் கிடைக்காது. அதனால் முதல் வரிசைக்கு மட்டும் சேனை என்று வைத்திருக்கிறேன். இரண்டாம் வரிசை ஆடிக்கு வெண்டை, தைக்குச் சும்மா கிடக்கும். அங்கே தட்டைப்பயறு தெளித்து, மண்ணுக்கு உரமாக மடக்கி உழுது விடலாமா என்று பார்க்கிறேன். மறுபடி முதலிலிருந்து செய்வதாக இருந்தால், பாத்தி வெட்டுவதற்கு முன் சித்திரையில் ஒரு நாள், மார்கழியில் ஒரு நாள் என்று இரண்டு தடவை அளந்திருப்பேன். தேங்காய் வெட்டு நாளையும் விதைப்பு நாளையும் சேர்த்தே குறித்திருப்பேன். இப்போது விதைப்பதற்கு முதல் வாரம் ஒரு வெட்டு, அடுத்த வெட்டில் பாத்தியோர மரங்களின் குலைகளைக் கயிற்றில் இறக்குகிறார்கள். அதற்கு மரத்துக்கு 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறேன், கொடுத்தால் தகும்.

மூங்கில் குச்சிகளைப் பிடுங்கவில்லை. போன மார்கழியில் மூன்றாம் தடவையாக அளந்தபோது மேற்குக் கடைசிப் பத்தியில் ஒரு மணி நேரம் குறைந்திருந்தது. புயலுக்கு அப்புறம் வரப்போரம் வைத்த எட்டுக் கன்றும் மட்டை விரித்து, மூன்று மணி வெயிலை மறைக்கின்றன. இரண்டில் பாளையும் வெடித்திருக்கிறது. அந்தப் பத்திக்கு இந்தச் சித்திரையில் மஞ்சள் வைக்க 12 கிலோ விதைமஞ்சள் சொல்லி வைத்திருக்கிறேன்.